ஜாகீரின் புத்தகமும் என் ஐந்து மேப்பிள்களும்

ஜாகீர் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்த அன்று கடையில் கரண்ட் இல்லை.

கடை என்று நான் சொல்வது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர். பத்து கம்ப்யூட்டர்கள். யூ.பி.எஸ். பாட்டரி எப்போதோ செத்திருந்தது. கரண்ட் போனால் பத்துத் திரையும் ஒன்றாக அணையும். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே படி இறங்குவார்கள். நானும் ஜாகீரும் ஜன்னலோரம் நின்று பஸ்களைப் பார்ப்போம். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை.

அன்று அவன் ஜன்னலுக்கு வரவில்லை. தோள்பையைத் திறந்து, செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்து கவுண்டரில் வைத்தான். பள்ளிப் பிள்ளைகள் போடுவது போலப் பழுப்பு அட்டை, மூலையில் பெயர் எழுதிய லேபிள். பிரித்ததும் சோப்பும் முகப்பவுடரும் கலந்த வாசனை வந்தது. வெளிநாட்டுப் பெட்டியைத் திறந்தால் வரும் அதே வாசனை.

“என்னாடா அது, டிக்‌ஷனரியா?” என்றேன்.

“லினக்ஸ் மச்சான். மாமா துபாய்லேருந்து வந்தாருல்ல, அவருகிட்ட சொல்லி வச்சிருந்தேன். எழுநூறு பக்கம். பின்னாடி பாரு, சிடி வேற.”

பின்னட்டையின் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையில் சிடி பளபளத்தது. நான் தொடவில்லை. அடிவயிற்றில் ஏதோ பிடித்து இழுத்தது. வயிற்றெரிச்சல் என்று சும்மா சொல்லவில்லை, அது வயிற்றில்தான் வருகிறது.

ஜாகீர் பரங்கிப்பேட்டைக்காரன். பி.சி.ஏ. முடித்தவன். தினமும் பஸ்ஸில் வந்துபோவான். நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் பாதியில் விட்டவன். இருவருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம். அவன் டப்பாவைத் திறந்தால் முதல் மீன் துண்டு எனக்குத்தான் வைப்பான். அதுவும் எனக்குப் பிடிக்காது. தின்றுவிடுவேன்.

கைடு வைத்திருந்தவர்கள்

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகர், லினக்ஸ் கற்றுக்கொள்ள அச்சுப் புத்தகம் வாங்குவது பிரயோஜனமா, இல்லை வீண்செலவா என்று கேட்டிருந்தார். நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. புத்தகம் என்றாலே எனக்கு வேறு சில ஞாபகங்கள் முந்திக்கொண்டு வருகின்றன.

புவனகிரியில் பத்தாவது படித்தபோது வகுப்பில் இரண்டு சாதி இருந்தது. கைடு வைத்திருந்தவர்கள் ஒன்று, இல்லாதவர்கள் ஒன்று. பள்ளியில் கொடுத்த பாடநூலில் கேள்வி இருக்கும். கைடில் பதில் இருக்கும். கைடு வைத்திருந்தவன் படிக்க வேண்டாம், உருப்போட்டால் போதும். எனக்கு முன் பெஞ்சில் இருந்தவன் கணக்குக்கே கைடு வைத்திருந்தான். ஒரு கணக்கை அதில் இருந்தபடி எழுதி, கைடில் அச்சுப்பிழையாக வந்த விடையையும் அப்படியே எழுதினான். வாத்தியார் அதற்கும் சரி போட்டார். அவரிடமும் அதே கைடுதான் இருந்தது.

நான் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தோற்றேன். அடுத்த தடவை எழுதித் தேறினேன். அறிவில்லாததால் தோற்றேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கைடு இல்லாததால் தோற்றேன் என்றே நினைத்தேன். அந்த நினைப்பு பல வருடம் என்கூடவே ஊர் ஊராக வந்தது.

பாலிடெக்னிக்கை விட்டபின் கொஞ்ச நாள் காடாம்புலியூரில் முந்திரி உடைக்கும் இடத்தில் இருந்தேன். கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் விரல் தோல் கறுத்து உரியும். அந்த விரல்களோடுதான் பிரவுசிங் சென்டருக்கு வேலை கேட்டு வந்தேன். கடை முதலாளி சேகர் அண்ணன் என் கையைப் பார்த்துவிட்டு, “கீபோர்டுல கறை புடிக்காதுல்ல?” என்று மட்டும் கேட்டார். பிடிக்காது என்றேன். சேர்த்துக்கொண்டார்.

ஐந்து அவனுக்கு, ஐந்து எனக்கு

காசு கொடுத்து வாங்காத விண்டோஸ் வைத்திருக்கும் கடைகளில் சோதனை வருகிறது என்று அந்த மாதம் ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் ஊருக்கு யாரும் வந்ததாக நான் பார்க்கவில்லை. ஆனால் சேகர் அண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் இலவசம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

ஒரு காலை எங்கள் இருவரையும் கவுண்டருக்குக் கூப்பிட்டார்.

“அந்த வரிசை அஞ்சு மெஷினு ஜாகீருக்கு. இந்த வரிசை ஒனக்கு. ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள எவன் மெஷினு அஞ்சும் நெட்டோட ஓடுதோ, அவன் சிதம்பரம் கடைக்கு இன்சார்ஜு. தெற்கு வீதியில எடம் புடிச்சாச்சு.”

“சிதம்பரத்துல எங்கண்ணே தங்கறது?” என்று கேட்டேன்.

“கடைக்குப் பின்னாடியே ஒரு ரூம் இருக்குடா. கொழா இருக்கு, ஜன்னல் இருக்கு. இங்க மாதிரி கீழ படுக்க வேணாம்.”

எனக்கு அது போதும். அப்போது நான் அந்தக் கடையிலேயே, கேபின்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கடைக்காரர் கழிப்பறையைத் திறக்கும்வரை காலையில் காத்திருக்க வேண்டும். இன்சார்ஜ் பதவியைவிட அந்த அறைதான் எனக்கு வேண்டியிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜாகீர் இதைப் போட்டியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. “எதுக்கு மச்சான் போட்டி கீட்டி எல்லாம். சிடிய காப்பி பண்ணிக்க. நான் தொழுவப் போறப்ப புத்தகத்த நீ வச்சுக்க. எனக்குப் படிக்கவே டைம் ஜாஸ்தி வேணும்” என்றான்.

அவன் படிக்கும் விதமே எனக்கு எரிச்சலாக இருக்கும். பென்சிலும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு கோடு போடுவான். ஒரு பக்கம் புரியவில்லை என்றால் திரும்ப முதல் வரிக்குப் போவான். எனக்கு ஆங்கிலம் விரல் வைத்துத்தான் ஓடும்.

வெள்ளிக்கிழமை ஒரு மணி

இரண்டு வரிசையிலும் லினக்ஸ் ஏறிவிட்டது. அதுவரை திரை கேட்கும், நாம் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போகலாம். நெட்டோடு இணைப்பதுதான் இருவருக்கும் நின்றுபோனது. சேகர் அண்ணனின் மோடமும் எங்கள் சிடியும் ஒன்றோடொன்று பேச மறுத்தன. எல்லாவற்றையும் கறுப்புத் திரையில் கையால் அடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஜாகீர் பள்ளிவாசலுக்குப் போனான். புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் போனான். பக்கம் இருநூற்றுப் பதினைந்தில் அது இருந்தது. நெட் இணைப்பு, முழுதாக, படிப்படியாக, நான்கு பக்கம். அவன் இன்னும் அதுவரை வரவில்லை. பென்சில் கோடு இருநூற்று ஒன்றில் நின்றிருந்தது.

எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை இருந்தது. படி இறங்கி, நான்கு பக்கம் எடுத்துவிட்டு, புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. அப்படிச் செய்திருந்தால் அந்தப் பக்கங்கள் அவனிடமும் இருந்திருக்கும்.

வயர் சீவ வைத்திருந்த பிளேடை எடுத்தேன். தையலை ஒட்டி, மெதுவாக, இரண்டு தாள். சத்தமே இல்லை. மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். புத்தகத்தை மூடிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஜாகீர் திரும்பி வந்து, டப்பாவைத் திறந்து, மீன் துண்டை என் தட்டில் வைத்தான்.

கேள்வி கேட்டால் கேள்வி

சனிக்கிழமை காலை அவன் கத்தினான். “மச்சான், இங்க வா. இருநூத்திப் பதினாலுக்கு அப்பறம் இருநூத்திப் பத்தொம்போது வருதுடா.”

நான் போய்ப் பார்த்தேன். “பிரிண்டிங்குல விட்டுட்டானுங்க போல.”

“துபாய்லயுமா இப்பிடி? சரியா நமக்கு வேண்டிய எடத்துல விட்டுருக்கான் பாரு.”

சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்தப் பத்தில் சேராமல், கணக்கு எழுத வைத்திருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் மட்டும் விண்டோஸும் நெட்டும் இருந்தன. அதில் போய் உட்கார்ந்தான். புதுச்சேரிப் பக்கம் லினக்ஸ் தெரிந்த சிலர் கூடிப் பேசும் ஓர் அரட்டைப் பக்கம் இருந்தது. அதில் தன் கேள்வியைப் போட்டான். பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது.

“டேய், இவனுங்க பதிலே சொல்ல மாட்டேங்குறானுங்கடா. கேள்வி கேட்டா கேள்வி கேக்குறானுங்க. நீ அடிச்ச கமாண்டு என்னா பண்ணுதுன்னு மொதல்ல நீ சொல்லுங்குறான்.”

“விட்டுட்டு வா. அவுங்களுக்கு வேற வேல இல்ல” என்றேன். நிஜமாகவே அவன் விட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அவன் விடவில்லை. ஓடிப்போய்த் தன் வரிசையில் எதையோ அடிப்பான். திரையில் வந்ததை மனதில் வைத்துக்கொண்டு ஓடிவந்து இங்கே எழுதுவான். திட்டு வாங்குவான். மறுபடி ஓடுவான். சாயங்காலம் வரை ஓட்டம்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கடைசியில் ஒருவர் அவனிடம், ‘இப்போது உனக்கே தெரியும், போய்ச் செய்’ என்று எழுதியிருந்தார். அதை என்னிடம் படித்துக் காட்டினான்.

என் சட்டைக்குள் அந்த இரண்டு தாளும் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தன. அவற்றை வைத்துக்கொண்டும் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இது எனக்கே விசித்திரமாக இருந்தது.

முகூர்த்த நாள்

ஞாயிற்றுக்கிழமை நல்ல முகூர்த்தம். திருவந்திபுரம் போகும் பஸ்ஸெல்லாம் பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாகப் பிதுங்கிக்கொண்டு போயின. சேகர் அண்ணனும் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடைக்கு விடுமுறை. நாங்கள் இருவர் மட்டும்.

ராத்திரியில் சேகர் அண்ணன் மெயினை அணைத்துவிட்டுப் போவார், சனிக்கிழமை முழுக்க ஜாகீர் குறுக்கும் நெடுக்கும் ஓடினான், அதனால் அதுவரை தாளை வெளியே எடுக்க முடியவில்லை. இப்போது கீபோர்டுக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். பெரிய எழுத்து இருந்த இடத்தில் பெரிய எழுத்து, புள்ளி இருந்த இடத்தில் புள்ளி. முதல் கம்ப்யூட்டரில் நெட் வந்தது. என் வாழ்நாளில் ஒரு கைடு என் கையில் இருக்க நான் எழுதிய முதல் பரீட்சை அது. அதே நான்கு பக்கத்தை மற்ற நான்கிலும் அடித்து முடித்தேன். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. ஜாகீர் அப்போது மூன்றாவது கம்ப்யூட்டரில்தான் இருந்தான்.

பிறகு ஐந்தையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தேன்.

முதலாவதில் நெட் வந்தால் இரண்டாவதில் போனது. இரண்டாவதைச் சரிசெய்தால் நான்காவது நின்றது. நான்காவதை அணைத்தால் முதலாவது உயிர்பெற்றது. ஒவ்வொன்றையும் மறுபடி முதலிலிருந்து, ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். மறுபடி அதே கூத்து. மூன்று மணி ஆகிவிட்டது.

“ஓடிருச்சு” என்று அந்தப் பக்கத்திலிருந்து ஜாகீர் சொன்னான். “வா மச்சான், பாரு.”

போனேன். அவன் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மீன் பெயர் வைத்திருந்தான். வஞ்சிரம், சுறா, நெத்திலி, கெளுத்தி, சங்கரா. ஐந்தும் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நன்றாகப் பார்க்கக்கூட என்னால் முடியவில்லை.

“ஒன்னது என்னாச்சு?” என்று கேட்டுக்கொண்டே என் வரிசைக்கு வந்தான்.

ஐந்து கறுப்புத் திரைகள். ஐந்திலும் இடது மூலையில் ஒரே பெயர். மேப்பிள். மேப்பிள். மேப்பிள். மேப்பிள். மேப்பிள். பக்கத்தில் சின்னச் சதுரம் விட்டுவிட்டு மின்னியது.

ஜாகீர் ஒன்றிலிருந்து ஐந்துவரை நடந்தான். திரும்பி வந்தான்.

“மேப்பிள்னா என்னா மச்சான்?”

“பேரு. சும்மா வச்சேன்.”

“அஞ்சுக்குமா?”

கீபோர்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த தாளை உள்ளே தள்ளினேன்.

“அது ஒரு மரம்டா” என்றான். “அந்தப் புத்தகம் எழுதுனவன் வூட்டு வாசல்ல நிக்கும்போல. மொத அத்தியாயத்துலேருந்து அவன் மெஷினுக்கு அதான் பேரு.”

அது ஒரு மரத்தின் பெயர் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கங்களில் அப்படி அடி என்று இருந்தது, அடித்தேன். பெயர் மட்டுமல்ல, கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டிய நெட் எண்ணையும் புத்தகத்தில் இருந்தபடியே ஐந்துக்கும் அடித்திருந்தேன்.

ஜாகீர் தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“இந்த நம்பரு அவன் வூட்டுக் கதவு நம்பருடா. ஒன் வூட்டுக்கு நீதான் போடணும். அஞ்சு வூட்டுக்கும் ஒரே நம்பர் போட்டா தபால்காரன் எந்த வூட்டுக்குப் போவான்?”

முதல் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. மற்ற நான்கிலும் கடைசி எண்ணை மட்டும் மாற்றினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்தும் ஓடின. பெயரை அவன் மாற்றவில்லை. அது என் வேலை என்று விட்டிருக்கலாம். தெரியவில்லை.

சேகர் அண்ணன் பட்டு வேட்டியோடு, கையில் தாம்பூலப் பையோடு வந்தார். இரண்டு வரிசையையும் பார்த்தார்.

“பரவால்லியே. யாருது மொதல்ல ஓடுச்சு?”

ஜாகீர் வாயைத் திறந்தான். அதற்குள் நான், “ஜாகீருது” என்றேன்.

நல்ல மனசோடு சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் எனக்கு விட்டுக்கொடுத்துவிடுவான் என்று பயந்துதான் முந்திக்கொண்டேன். தோற்பதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவன் விட்டுக்கொடுப்பதைத் தாங்க முடியாது.

வாசகருக்கு என் பதில்

இப்போது அந்த வாசகருக்குச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும்போது புத்தகத்தைப் போல் துணை வேறு இல்லை. கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலும் புத்தகம் திறக்கும். அந்த நாளில் பின்னட்டை சிடிக்காகவே வாங்கியிருக்கலாம். எங்கள் வேகத்தில் அதை நெட்டிலிருந்து இறக்க ஒரு வாரம் ஆகியிருக்கும்.

ஆனால் இதை அழுத்து, அதை அழுத்து என்று சொல்லும் பக்கங்கள் சீக்கிரம் செத்துவிடும். அடுத்த சிடியில் அந்தப் பொத்தானே இருக்காது. இது எதற்காக என்று சொல்லும் பக்கங்களுக்கு வயசாவதில்லை. நான் வெட்டி எடுத்த நான்கிலும் இரண்டும் கலந்துதான் இருந்தன. எண்ணை ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் மாற்றிக்கொள் என்று இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதில் அடிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் நான் தாண்டிப் போயிருந்தேன்.

தெற்கு வீதி

ஜாகீர் சிதம்பரம் கடைக்குப் போனான். அங்கிருந்து பரங்கிப்பேட்டை பக்கம். தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவான் என்றும், பின்னால் இருந்த அறையில் செத்த மானிட்டர்களை அடுக்கியிருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் விரும்பிய அறையில் மானிட்டர்கள் தங்கியிருந்தன.

சில மாதங்களில் சேகர் அண்ணன் கடலூர்க் கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். புதிதாக வந்தவருக்கு அங்கே யாரும் படுப்பது பிடிக்கவில்லை. இரண்டு வாரம் அங்கும் இங்கும் இருந்தேன். ஒரு வாரம் லாரி ஷெட், சில நாள் பஸ் ஸ்டாண்ட். பிறகு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

தெற்கு வீதிக் கடையில் மத்தியானக் கூட்டம். ஜாகீர் கவுண்டரில் இருந்தான்.

“வா மச்சான். சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்” என்று பொய் சொன்னேன். “அந்த ரூமு சும்மாதான் கெடக்குன்னாங்க. நான் தங்கிக்கவா?”

அவன் ஒரு பையனுக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பினான்.

“ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அந்தத் தாளு வேணும்னு என்கிட்ட கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்ல?”

“குடுத்திருப்ப.”

“அப்பறம் ஏன்டா கேக்கல?”

“அதான் கேக்கல.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபமா, சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. டிராயரைத் திறந்து, சாவியை எடுத்து, கவுண்டர்மேல் வைத்தான். கையில் கொடுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

அறைக்கும் கடைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். மானிட்டர்களை ஒரு பக்கம் நகர்த்திவிட்டுப் பாயை விரித்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜாகீர் கீபோர்டில் அடிக்கும் சத்தம் கேட்டது. எதையாவது பார்த்து அடிக்கிறவனுக்குச் சத்தம் நடுநடுவே நிற்கும். அவன் சத்தம் நிற்கவே இல்லை. மழை ஓட்டில் விழுவது போல ஒரே சீராக வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். வயிறு எரிந்தது.

எழுந்து போய், “என்னா பண்றே, எனக்குச் சொல்லு” என்று அவனிடம் கேட்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அவன் நகர்ந்து உட்கார்ந்து, பெஞ்சில் பாதி இடம் விட்டான். மறுபாதி அவனுடையது என்பது அப்போதும் என்னை உறுத்தியது. உட்கார்ந்தேன்.